மண்கரை அரிப்புத் தடுப்பு: காலாங் ஆறு

காலாங், சிங்கப்பூரின் மிக நீளமான ஆறு. கீழ் பியர்ஸ் நீர்த்தேக்கத்தில் தொடங்கி, சிராங்கூன் சாலைப் பாலத்தின் கீழே கடந்து, ஏறத்தாழ 10 கிலோமீட்டர் ஓடி மரினா நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. மழைவெள்ளத்தை விரைந்து வடிக்கக் கடந்த நூற்றாண்டில் இதைக் கான்கிரீட் கால்வாயாக்கினார்கள். பீஷான்-அங் மோ கியோ பூங்காவை ஒட்டிய 2.7 கிலோமீட்டர் கால்வாய் பின்னர் உடைக்கப்பட்டு, 3.2 கிலோமீட்டர் நீளத்தில் வளைந்தோடும் மண்கரை ஆறாக உருமாறியது. பொதுப் பயனீட்டுக் கழகமும் தேசியப் பூங்காக் கழகமும் இணைந்து செய்த இப்பணி 2012இல் நிறைவு பெற்றது.

வெள்ளத்தில் மண்கரை அழிவது பெரும்பாலும் அடியிலிருந்துதான். வளைவின் வெளிப்புறத்தில் நீரின் இழுவிசை கரையடியைக் குடைகிறது. தாங்கலை இழந்த மேற்பகுதி சரிகிறது. வெள்ளம் சட்டென்று வடியும்போது ஆபத்து இன்னும் கூடும்: கரைக்குள் ஊறிய நீர் வெளியேற வழியின்றி மண்ணைத் தள்ளும்.

இதைத் தடுக்கக் காலாங்கில் கரையைச் சாய்வாக்கி, உயிருள்ள கிளைகளைக் கட்டுக்கட்டாகப் புதைத்தார்கள். கற்குவியல்களின் இடுக்குகளில் தண்டுகளை நட்டார்கள். மண்ணைத் துணியால் போர்த்தி அடுக்கினார்கள்; விசை மிகுந்த இடங்களில் கம்பிவலைக் கூடைகளில் கல் நிரப்பி வைத்தார்கள். தொடக்கத்தில் துணியும் கல்லும் தாங்கும். வேர் பிடித்தபின் செடிகளே மண்ணை இறுக்கிக்கொள்ளும். இத்திட்டத்தில் பெரிதும் போற்றத்தக்கது, ஆற்றில் கைவைக்கும் முன் பூங்காவின் பக்க வடிகால் ஒன்றில் சுமார் 10 முறைகளைச் சோதித்துப் பார்த்ததுதான். குளிர்நாடுகளில் வென்ற முறை, நம் வெப்பமண்டல மழைக்குத் தாங்குமா என்பதை ஏட்டுக்கணக்கு மட்டும் சொல்லிவிடாது.

பெருமழையில் ஆறு பூங்காவின் தாழ்நிலத்தில் பரவி, சுமார் 100 மீட்டர் அகலம் வரை விரிகிறது. அகலம் கூடுவதால் வேகம் தணிகிறது, கரையும் பிழைக்கிறது. நீர்மட்ட உணரிகளும் எச்சரிக்கை ஒலியும் விளக்குகளும் மக்களை முன்கூட்டியே வெளியேற்ற உதவுகின்றன.

அணையின் மண்கரை மீது வெள்ளம் வழிவது வேறு வகை ஆபத்து. வெளிச்சரிவில் நீர் வேகம் பிடித்துப் படிபோல் பள்ளம் பறிக்கும். அந்தப் பள்ளம் மேல்நோக்கி நகர்ந்து கரையின் உச்சியை எட்டினால் உடைப்புதான். 1979 ஆகஸ்ட் 11 அன்று குஜராத்தின் மச்சு-2 அணையில் கதவுகள் வழியே வெளியேற்ற முடியாத வெள்ளம், இருபுற மண்கரைகளையும் தாண்டி வழிந்து அவற்றை அடித்துச் சென்றது. மோர்பி நகரில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

நன்கு வேரூன்றிய புல், நொடிக்கு 2 மீட்டர் வேக நீரை நெடுநேரம் தாங்கும். 5 மீட்டர் என்றால் ஓரிரு மணி நேரமே. ஆகவே ஏரிக்கும் அணைக்கும் மிகைநீரை வெளியேற்றும் போதிய அளவுள்ள கலிங்கலே முதல் காப்பு, புல் துணைக்காப்பு. பெருமரங்களை அணைக்கரையில் வளரவிடக் கூடாது: அவை பட்டுப்போனால் மட்கிய வேர்கள் கரைக்குள் நீர் ஊடுருவ வழி திறந்துவிடும்.