குற்றத்திற்கு இலக்காதல்: சமூக, உளவியல் காரணிகள்

குற்றத்திற்கு ஆளாகும் அபாயம் எல்லோருக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. வயது, வருமானம், வசிப்பிடம், வேலை நேரம், தனிமை ஆகியவற்றைப் பொறுத்து அது கூடும், குறையும்.

குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களை ஆராயும் துறையின் முன்னோடிகளான பெஞ்சமின் மெண்டல்சோனும் ஹான்ஸ் வான் ஹென்டிக்கும் 1940களில் பாதிக்கப்பட்டவரின் பங்கு என்ன என்று கேட்டனர். மார்வின் உல்ஃப்காங் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த 588 கொலைகளை ஆராய்ந்து, ஏறத்தாழ 26 விழுக்காட்டில் முதலில் கைநீட்டியவர் இறந்தவரே என 1958இல் எழுதினார். மெனாகெம் அமீர் 1971இல் இதே அளவுகோலை வல்லுறவுக்கும் பொருத்தியபோது கடும் கண்டனம் எழுந்தது. அது முற்றிலும் நியாயமான கண்டனம்.

லாரன்ஸ் கோஹனும் மார்கஸ் ஃபெல்சனும் 1979இல் பார்வையைச் சூழலின் பக்கம் திருப்பினர். குற்றம் செய்யத் துணிந்தவர், அவருக்கு ஏற்ற இலக்கு, காவலின்மை ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூடும்போது குற்றம் நிகழ்கிறது என்றனர். இங்கிலாந்தின் ராச்டேல் நகரிலுள்ள கிர்க்ஹோல்ட் குடியிருப்பு இதற்கு நல்ல சான்று. ஒருமுறை திருட்டுப்போன வீட்டில் மீண்டும் திருட்டுப்போகும் வாய்ப்பு மற்ற வீடுகளைவிட நான்கு மடங்குக்கு மேல் இருந்தது. 1980களின் நடுவில் அங்கே திருடர்களுக்கு எளிய இலக்காக இருந்த, காசு போட்டு இயக்கும் மின், எரிவாயு மீட்டர்களை அகற்றினார்கள். பாதிக்கப்பட்ட வீட்டின் பூட்டுகளை வலுப்படுத்தினார்கள். சுற்றியிருந்த சில வீட்டாரைக் கண்காணிக்கச் செய்தார்கள். முதல் ஆண்டிலேயே வீடு புகுந்து திருடுவது பாதிக்கும் கீழே குறைந்தது. யாருடைய குணத்தையும் திருத்த வேண்டியிருக்கவில்லை.

உளவியல் காரணிகள் இன்னும் நுட்பமானவை. சிறுவயதில் வன்முறைக்கு உள்ளானவர்கள் பிற்காலத்திலும் அதற்கு ஆளாகும் அபாயம் கூடுதல். வீட்டு வன்முறையில் வருமானத்திற்குப் பிறரைச் சார்ந்திருப்பதும் அச்சமும் வெளியேறும் வழியை அடைக்கின்றன. இந்தியாவில் பரவியுள்ள ‘டிஜிட்டல் கைது’ மோசடியில் சிபிஐ அதிகாரி போல வீடியோ அழைப்பில் மிரட்டி, யாரிடமும் பேசவிடாமல் மணிக்கணக்கில் பிடித்துவைக்கிறார்கள். படித்தவர்களும் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் இதில் பணம் இழந்திருக்கிறார்கள். அதிகாரத்தின் மீதுள்ள பயமும் அவசரமும் சேர்ந்தால் யோசிக்க இடமே இருப்பதில்லை.

பாதிக்கப்பட்டவரையே குறைசொல்லும் பழக்கத்தை மெல்வின் லெர்னர் ஆராய்ந்தார். மின்னதிர்ச்சி பெறுவதாகத் தோன்றிய ஒருவரைக் காப்பாற்ற முடியாத நிலையில், பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவரையே தாழ்வாக மதிப்பிட்டதாக 1966இல் வெளியான ஆய்வு காட்டியது. உலகம் நியாயமானது என்று நம்ப விரும்பும் மனம், துன்பப்பட்டவரிடம் ஒரு குற்றத்தைத் தேடுகிறது. “நீ ஏன் நம்பினாய்?” என்ற கேள்விக்கு அஞ்சியே பலர் புகார் செய்வதில்லை. இணைய மோசடியில் பணம் இழந்தவர் உடனே 1930 என்ற உதவி எண்ணை அழைத்தால் பரிமாற்றத்தை நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. வெட்கப்பட்டு மறைக்கும் நேரத்தில் பணம் பல கணக்குகளுக்கு மாறிவிடுகிறது.