தோம்பில் ஏறாத வீடுகள்

பெரம்பலூர் துறைமங்கலம் மறுவாழ்வு முகாமில் என் பள்ளித் தோழியின் வீடு. அவள் அம்மா 1990இல் யாழ்ப்பாணத்திலிருந்து கடல் கடந்து வந்தவர். ஊர் வீடு எப்படியிருந்தது என்று ஒருமுறை கேட்டேன். குச்சியெடுத்து வாசல் மண்ணில் கோடு கிழித்தார். "இது குசினி பிள்ளை. இஞ்ச கிணறு. இதில நிண்டு கூப்பிட்டா கிணத்தடிக்குக் கேக்கும்."

பல ஆண்டுகள் கழித்து, யாழ்ப்பாண ஓவியர் தா. சனாதனனின் 'தி இன்கம்ப்ளீட் தோம்பு' (2011) நூலைப் பற்றி அறிந்தபோது அந்தக் கோடுகள் நினைவுக்கு வந்தன. தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்து நிலப் பதிவேடு. போரில் வீடிழந்த தமிழர், முஸ்லிம்களிடம் அவர்கள் வாழ்ந்த வீட்டை நினைவிலிருந்து வரையச் சொன்னார் சனாதனன். அந்த வரைபடங்களோடு அவர்களின் கதைகளையும் தன் ஓவியங்களையும் சேர்த்து, அலுவலகக் கோப்பைப் போன்ற நூலாக்கினார்.

நிலக்காட்சி என்றதும் வயலும் தொடுவானமும்தான் நமக்குத் தோன்றும். அதை வரைய, பயமின்றி எட்ட நின்று பார்க்க ஓர் இடம் வேண்டும். விரட்டப்பட்டவர்களுக்கு அந்த இடம் வாய்க்கவில்லை. அவர்களிடம் எஞ்சியது கால் பழகிய தூரம்தான்: அடுப்படிக்கும் கிணற்றுக்கும் நடுவே ஒரு பெண் நாள்தோறும் நடந்த தூரம்.

யாழ்ப்பாணத்தில் வீடு பெரும்பாலும் மகளுக்குச் சீதனமாகப் போகும். அந்த வழக்கத்தை ஒல்லாந்தர் 1707இல் தேசவழமைச் சட்டமாகத் தொகுத்தனர். ஆனால் 1911ஆம் ஆண்டுச் சட்டப்படி, மணமான பெண் தன் பெயரிலுள்ள நிலத்தை விற்கவும் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. அவர் காணாமற்போயிருந்தால் நீதிமன்றப் படியேற வேண்டும். காணாமற்போனவர்களுக்காக இத்தனை பெண்கள் காத்திருக்கும் மண்ணில் இதற்கு என்ன பொருள்?

தோழியின் அம்மாவுக்கும் அதே நிலைதான். "வீடு என்ர பேரில. அம்மா தந்த சீதனம். அவர் எங்கையெண்டே தெரியாது. அவற்றை கையெழுத்தில்லாமல் விக்கேலாது" என்றார்.

அரசு ஏட்டில் உரிமையாளர் பெயர் இருக்கும். குசினியில் நின்று கூப்பிட்டால் கிணற்றடிக்குக் கேட்கும் என்பது இருக்காது. அதையும் சொத்தின் வரலாறாகக் கொள்ளச் சொல்கிறது சனாதனனின் தோம்பு. அதைப் படித்தபிறகுதான், துறைமங்கலத்து மண்ணில் அந்த அம்மா கிழித்ததும் ஒரு பத்திரம் என்று எனக்குப் புரிந்தது. அதற்கு யாருடைய கையெழுத்தும் அவருக்குத் தேவைப்படவில்லை.