டிடிஒய்

லினக்ஸில் சீரியல் போர்ட்டைத் தேடுகிறவர் கண்ணில் முதலில் படுவது டிடிஒய்எஸ்0 என்ற பெயர். 'எஸ்' சீரியலுக்கு, எண் பூஜ்யத்தில் தொடங்குவதால் விண்டோஸின் காம்1 இங்கே 0. முன்னால் நிற்கும் டிடிஒய்? அது டெலிடைப்ரைட்டர்: கம்பி வழியே வரும் எழுத்தைத் தானே தாளில் அடிக்கும் தந்தித் தட்டச்சுப்பொறி. 1963இல் வந்த டெலிடைப் மாடல் 33 நொடிக்கு 10 எழுத்து அடித்தது; யூனிக்ஸை எழுதியவர்கள் அதன் முன் உட்கார்ந்துதான் வேலை செய்தார்கள். பொறி போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

பழைய பிடிபி-11 கணினியை லினக்ஸுக்குள் போலியாக ஓட்டும் சிம்ஹெச் மென்பொருளில் இது இன்னும் வேடிக்கை. எட்டு இணைப்பு கொண்ட டிஇசட்11 அட்டையைக் கட்டளைக் கோப்பில் இயக்கி, ஒரு டிசிபி போர்ட் எண்ணோடு சேர்த்துவிட்டால் போதும். டெல்நெட்டில் வருகிறவரையும் உள்ளே ஓடும் யூனிக்ஸ் டிடிஒய் என்றே நம்பும். அங்கே லாகின் கேட்கும் நிரலுக்குப் பெயர் கெட்டி. 'கெட் டிடிஒய்' என்பதன் சுருக்கம்தான், நம் ஊர்க் கெட்டி அல்ல. எஸ்டிடிஒய் கட்டளையில் 9600 என்று வேகம் குறிக்கலாம். கம்பியே இல்லாத இடத்தில் அது பெரும்பாலும் பேச்சுக்குத்தான்.