கொச்சி நாட்டிற் பாஸ்கா

பெரியாற்றங்கரையில் வாழும் தமிழர்க்கு அவ்வாற்றின் வரலாறு அயலார் வரலாறு அன்று. மலையிற் பிறந்து ஆலுவா வழியே ஓடும் இவ்வாறு கடலோடு கலக்கும் பகுதியிலேதான், சங்கப் புலவர் பாடிய முசிறித் துறை விளங்கிற்று. மிளகை நாடி யவனர் மரக்கலங்கள் வந்தணைந்த அத்துறையின் வழியே யூதரும் கிறித்தவரும் சேர நாட்டிற் குடிபுகுந்தனர். கி.பி. 52-இல் தோமா அங்கு வந்திறங்கினார் என்பது கிறித்தவர் மரபு. கி.பி. 70-இல் எருசலேம் ஆலயம் அழிந்தபின் தம் முன்னோர் வந்தனர் என்பது கொச்சி யூதர் மரபு.

மரபு நிற்க, செப்பேடுகள் உறுதியாகவே பேசுகின்றன. கி.பி. 849-இல் வேணாட்டு அய்யனடிகள், கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு உரிமைகள் வழங்கினார். வட்டெழுத்தில் எழுதப்பெற்ற அச்சாசனத்தின் இறுதியில் அரபு, பகலவி எழுத்துகளோடு எபிரேய எழுத்திலும் சாட்சிகள் கையொப்பமிட்டுள்ளனர். கிறித்தவர் கோயிலுக்கு அளித்த கொடைக்கு யூதர் சாட்சி நின்றனர் என்பது இதனாற் புலனாகும். ஏறத்தாழ கி.பி. 1000-இல் பாஸ்கர ரவிவர்மன், முயிரிக்கோட்டில் இருந்து, யூதர் தலைவராகிய ஜோசப் ரப்பானுக்கு எழுபத்திரண்டு உரிமைகளை வழங்கினான். அச்செப்பேடும் வட்டெழுத்தே.

இவ்வாறு நெடுங்காலம் அருகருகே வாழ்ந்த இரு சமயத்தார்க்கும் உள்ள உறவை அறிய விரும்புவோர், அவர்தம் பண்டிகைகளை ஆராய்தல் வேண்டும். அவற்றுள் தலையாயது பாஸ்கா. எபிரேய மொழியில் இதனைப் பெசாக் என்பர். எகிப்தில் அடிமைப்பட்டிருந்த இசுரவேலர் மோசேயின் தலைமையில் விடுதலை பெற்ற இரவின் நினைவு இது. ஆட்டுக்குட்டியின் குருதியைத் தம் வாயில் நிலைகளிற் பூசி, மாவு புளிக்கும்வரை காத்திருக்கவும் நேரமின்றி, புளியா அப்பத்தோடு அவர்கள் புறப்பட்டனர். ஆதலின் இப்பண்டிகை நாள்களில் யூதர் இல்லங்களிற் புளித்த மாவு சிறிதும் இருத்தலாகாது. இரவில் மாவரைத்துப் புளிக்க வைத்து விடியலில் இட்டலி வார்க்கும் நம் இல்லத்தரசியர்க்கு இதன் அருமை எளிதில் விளங்கும்.

இவ்விருந்து ஆலயத்தில் நிகழ்வதன்று, இல்லத்தில் நிகழ்வது. வீட்டிலுள்ள இளைய குழந்தை, 'இவ்விரவு ஏனைய இரவுகளினின்று வேறுபடுவது ஏன்?' என வினவுதலும், பெரியோர் விடுதலை வரலாற்றை விடையாகக் கூறுதலும் இதன் உயிர்நாடி. நாடிழந்து உலகெங்கும் சிதறிய ஒரு மக்கட்கூட்டம் தன்னை மறவாதிருந்தது இவ்வினாவிடையினால் எனின் மிகையாகாது.

இயேசுநாதர் தம் சீடரோடு உண்ட கடைசி இராவுணவு பாஸ்கா விருந்தென்று மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூன்று நற்செய்தி நூல்களும் கூறும். யோவான் நூலோ, பாஸ்காவிற்கு ஆயத்தம் செய்யும் நாளில் அவர் சிலுவையில் அறையப்பட்டார் என்னும். எவ்வாறாயினும் அவரையே பாஸ்கா ஆட்டுக்குட்டியாகக் கண்டனர் ஆதிக் கிறித்தவர். யூதர்க்கு அடிமைத் தளையினின்று விடுதலை. கிறித்தவர்க்குப் பாவத்தினின்றும் சாவினின்றும் விடுதலை.

கேரளக் கிறித்தவர் இப்பொருளைத் தம் அடுக்களையிலேயே காத்து வருகின்றனர். பெரிய வியாழனை அவர்கள் பெசகா வியாழன் என்பர். எபிரேயச் சொல், சிரியாக் வழியாக மலையாளத்திற் புகுந்து நிற்கிறது. அன்று அரிசிமாவும் உளுந்தும் கலந்து, புளிக்க விடாது, ஆவியில் வேகவைத்து அப்பம் செய்வர். குருத்தோலை ஞாயிறன்று பெற்ற ஓலையிற் சிலுவை செய்து அதன்மேல் வைப்பர். தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்துப் பெசகாப் பால் காய்ச்சுவர். இரவில் வேண்டுதல் முடிந்தபின் குடும்பத் தலைவர் அப்பத்தைப் பிட்டு, மூத்தோர் முதல் இளையோர் ஈறாக வழங்குவார். அவ்வாண்டிற் சாவு நேர்ந்த வீட்டார் அப்பம் சமைப்பதில்லை. சுற்றத்தாரும் அண்டை வீட்டாரும் கொணர்ந்து கொடுப்பர். துக்கம் நேர்ந்த ஆண்டிற் பண்டிகைப் பலகாரம் செய்யாதிருக்கும் நம்மவர் வழக்கத்தோடு இஃது ஒத்திருத்தல் காண்க.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. யூதர் நெறிப்படி பாஸ்கா அப்பம் கோதுமை, வாற்கோதுமை முதலிய ஐவகைத் தானியங்களில் ஒன்றாற் செய்யப்படல் வேண்டும். அரிசிக்கு அதில் இடமில்லை. ஆகவே பெசகா அப்பம் யூதர் அப்பத்தின் படி அன்று. புளியாமை என்னும் கருத்தை ஏற்று, இம்மண்ணின் அரிசியாலும் தேங்காயாலும் அமைத்துக்கொண்ட புதுவடிவம் அது.

ஏனைய பண்டிகைகளிலும் இத்தொடர்பு உண்டு. பாஸ்காவிற்குப் பின் ஐம்பதாம் நாள் யூதர்க்கு அறுவடை விழா. சீனாய் மலையிற் சட்டம் பெற்ற நினைவும் அதுவே. அந்நாளில் தூய ஆவி இறங்கியதைக் கிறித்தவர் பெந்தெகொஸ்தே என்று கொண்டாடுவர். கூடாரப் பண்டிகையின் முடிவில் வரும் தோரா மகிழ்வு நாளுக்கு ஈடான கிறித்தவத் திருநாள் இல்லை. கொச்சி யூதர்க்கோ அது பெருவிழா. திருச்சுருள்களை ஏந்தித் தொழுகைக் கூடத்தின் வெளியேயும் சுற்றி வருதல் அவர்க்கே உரிய வழக்கம்.

உறவு இத்துணை நெருங்கியதாயினும், ஐரோப்பாவில் பாஸ்காக் காலம் யூதர்க்கு அச்சக் காலமாயிற்று. புளியா அப்பத்திற் கிறித்தவக் குழந்தையின் குருதியைக் கலப்பர் என்னும் கொடும் பழியால் பலர் மாண்டனர். இயேசுவின் சாவுக்கு யூதர் அனைவரையும் குற்றஞ்சாட்டல் தகாது என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. கொச்சியிலோ, யூதர்க்குத் தீங்கு வந்தது பெரும்பாலும் கடல் கடந்து வந்தோரால். 1568-இல் மட்டாஞ்சேரியில் அரண்மனையை அடுத்து அரசன் அளித்த நிலத்தில் எழுந்த பரதேசித் தொழுகைக் கூடத்தை, 1662-இற் போர்த்துகீசியர் சூறையாடினர். அண்டை வீட்டார் அச்செயலைச் செய்யவில்லை.

1948-இல் இசுரேல் நாடு அமைந்தபின், 1950-களில் கொச்சி யூதருட் பெரும்பாலோர் அங்குக் குடிபெயர்ந்தனர். பரவூர், சேந்தமங்கலம் ஆகிய ஊர்களின் தொழுகைக் கூடங்கள் இன்று காட்சியகங்கள். பொதுத் தொழுகைக்கு வேண்டிய பத்து ஆடவர் இப்போது மட்டாஞ்சேரியிலும் இல்லை. பாஸ்கா இரவில் அங்குக் குழந்தையின் வினா கேட்பதரிது. ஆயினும் ஆண்டுதோறும் கிறித்தவர் இல்லங்களிற் பெசகா அப்பம் பிட்கப்படுகிறது. அதனை உண்போர், தம் திருநாளின் வேர் அண்டை வீட்டாருடையது என்பதையும், அவ்வண்டை வீட்டார்க்கு அத்திருநாள் தன்னளவிலேயே முழுமையுடையது என்பதையும் ஒருங்கே நினைத்தல் தகும்.

பிறந்த ஊரை விட்டு இங்குக் குடிபுகுந்த நமக்கும் இவ்வரலாற்றிற் பாடம் உண்டு. தைத் திங்களில் பொங்கற் பானை ஏற்றும்போது, 'இன்று என்ன நாள்? ஏன் இவ்வாறு செய்கிறோம்?' என நம் பிள்ளைகள் வினவுதல் வேண்டும். அவ்வினாவுக்குத் தமிழில் விடைகூறும் பெற்றோர் நம் காலனியின் ஒவ்வோர் இல்லத்திலும் இருப்பாராக.