கரகரக்கும் குமிழ்

1961 ஜூன் 1 அன்று அமெரிக்காவில் எஃப்.எம். ஸ்டீரியோ ஒலிபரப்பு தொடங்கிற்று. ஒரே அலைவரிசையில் இடம், வலம் என இரு ஒலிகள்! அவற்றைப் பிரித்துப் பெருக்கிய அக்கால ரிசீவர் ஒன்று என்னிடம் உண்டு. ஒலிக் குமிழைத் திருப்பினால் கரகரக்கும், இடப்பக்கம் ஊமையாகும். முதுமை என்றே எண்ணினேன்.

திறந்து பார்த்தேன். குமிழின் அடியில், பக்கத்திற்கு ஒன்றாக, கரி பூசிய இரு வளைவுப் பாதைகள். அவற்றின்மீது உலோக நாக்குகள் உராய்ந்து நகர்கின்றன. இடையே தூசி படிந்தால் மின்தொடர்பு விட்டுவிட்டு அமையும்; கரகரப்பு அதுவே.

அவசரப்பட்டு, தாழ்சுரத்தைக் கூட்டும் குமிழைப் பிரித்து உப்புத்தாளால் தேய்த்தேன். அழுக்கோடு கரியும் போயிற்று, அதற்கு மருந்தில்லை. ஒலிக் குமிழுக்கோ, மின்னிணைப்பை நீக்கி, மின்தொடர்புகளுக்கென்றே விற்கும் துப்புரவுத் திரவத்தைத் துளித்துப் பலமுறை முன்னும் பின்னும் சுழற்றினேன். உலர்ந்தபின் இடப்பக்க வயலின் திரும்பி வந்தது.