சுட்ட படமா, சுடாத படமா?

பலெர்மோன்னு சொன்னதும் நம்மூர் ஆளுங்க கேக்கற முதல் கேள்வி "அங்க மாஃபியா இருக்காமே?" என்பதுதான். இங்கே படிக்க வந்த எனக்கோ ஊர் பேரைக் கேட்டாலே கவசம் போட்ட மரப்பொம்மைகள்தான் ஞாபகம் வருது. 'ஓபெரா தெய் பூபி'ன்னு பேர். சிசிலித் தீவின் பொம்மலாட்டம். 2001-ல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் வாய்மொழி மரபுச் செல்வங்கள்ல ஒண்ணா அறிவிச்சது.

பொம்மலாட்டத்தைப் பத்தி எழுத ஒரு காரணம் இருக்கு. பொழுதுபோக்கா கம்ப்யூட்டர் கேம் பண்றவங்க (அடியேனும் அதில் அடக்கம்) கூடினா ஒரு கேள்விக்கு அடிச்சுக்குவோம். அடுத்தவர் வரைஞ்ச படத்தையும், அடுத்தவர் பதிவு பண்ணின சத்தத்தையும் எடுத்து நம்ம விளையாட்டுல போடலாமா? இந்தக் கேள்விக்குப் பாதி பதில் இந்த பொம்மைகள்கிட்ட இருக்குங்கறது என் கட்சி.

கொஞ்சம் நீளமான பதிவு மக்களே, ஒரு காபி போட்டுக்கிட்டு வாங்க :-)

கதை இரவல், சத்தம் சொந்தம்

கி.பி. 778-ல் சார்லமேனோட படை ஸ்பெயின்ல இருந்து திரும்பும்போது மலைக் கணவாயில் வெச்சு அடிச்சவங்க பாஸ்க் மக்கள். முன்னூறு வருஷம் கழிச்சு பிரான்சுல அதைக் காவியமா பாடினப்போ எதிரிகள் இஸ்லாமியர்களா மாறிட்டாங்க. அது இத்தாலிக்கு வந்ததும் ரோலண்ட், ஒர்லாந்தோ ஆனான். போயார்தோ அவனைக் காதலனாக்கி ஒரு காவியம் எழுதி, முடிக்காமலே 1494-ல் போய்ச் சேர்ந்தார். அரியோஸ்தோ அது விட்ட இடத்துல பிடிச்சு தன் காவியத்தை எழுதி 1516-ல் அச்சிட்டார். இன்னிக்கு ரசிகர்கள் பழைய கேமுக்கு அடுத்த பாகம் பண்றாங்களே, கிட்டத்தட்ட அதே வேலைதான்!

1858 முதல் 1860 வரை பலெர்மோவுல ஜூஸ்தோ லோதிகோன்னு ஒரு பள்ளி ஆசிரியர் இந்தக் கதைகளை எல்லாம் கோத்து, உரைநடையா, தவணை தவணையா வெளியிட்டார். பொம்மலாட்டக்காரங்களுக்கு அதுதான் வேதம். ராத்திரிக்கு ஒரு அத்தியாயம்னு ஒரு வருஷத்துக்கு மேலே கதை ஓடும். நம்ம தெருக்கூத்துக்காரங்களுக்கு வில்லிபாரதம் மாதிரின்னு வெச்சுக்குங்க.

ஆக, கதை முழுக்க இரவல். இசையும் பாதி அப்படித்தான். கையால சுத்தற உருளைப் பியானோ ஒண்ணு ஓரமா இருக்கும். உருளையில முள்ளு அடிச்சு வெச்ச மெட்டுகள் மட்டும்தான் வரும். சண்டைக்கு ஒண்ணு, சோகத்துக்கு ஒண்ணு. நம்ம கேம்ல 'லூப்' போடறோமே, அதே.

ஆனா எதெல்லாம் இரவல் இல்லைன்னு பாருங்க. பலெர்மோ பொம்மை முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் மேல உயரம். முட்டி மடங்கும், உறையில இருந்து வாளை உருவும், திரும்பச் சொருகும். (சிசிலியின் இன்னொரு கோடியில இருக்கற கத்தானியா ஊர் பொம்மை இன்னும் பெருசு, முட்டி மடங்காது.) தலையைச் செதுக்கினதும் பித்தளைக் கவசத்தைத் தட்டினதும் ஒண்ணு பொம்மலாட்டக்காரரே, இல்லாட்டி கூலி வாங்கிக்கிட்டு செஞ்சு கொடுத்த கைவினைஞர். சண்டைச் சத்தம்? ஆட்டறவர் மேடைப் பலகையில காலால ஓங்கி மிதிப்பார். மிதி வேகமாக ஆக, சண்டையும் சூடு பிடிக்கும். உட்கார்ந்திருக்கற பெஞ்சு அதிரும் சாமி!

ஊர் பொதுச்சொத்தான கதையை எடுத்துக்கிட்டாங்க. உருவத்துக்குக் காசு கொடுத்தாங்க, இல்லை தாங்களே செதுக்கினாங்க. சத்தத்தைத் தங்கள் காலாலேயே போட்டாங்க. இதை மனசுல வெச்சுக்கிட்டு கம்ப்யூட்டர் பக்கம் வருவோம்.

டூம் திறந்த கதவு

1993 டிசம்பர்ல 'டூம்' வந்துச்சு. அதோட படங்களும் சத்தங்களும் எங்கிருந்து வந்ததுன்னு தெரிஞ்சா ஆச்சரியப்படுவீங்க. சில அரக்கர்கள், களிமண்ணுல செஞ்சு படம் பிடிச்ச பொம்மைகள். துப்பாக்கிகள்ல சிலது பொம்மைக் கடையில வாங்கினது. கதவு திறக்கற சத்தம் உட்பட பல சத்தங்கள் காசு கொடுத்து வாங்கின ஒலித் தொகுப்புல இருந்தவை. அதே கதவுச் சத்தத்தை சினிமாக்கள்லயும் கேக்கலாம்!

ஜான் கார்மாக் செஞ்ச புண்ணியம் என்னன்னா, படம், சத்தம், வரைபடம் எல்லாத்தையும் 'வாட்'ங்கற தனிக் கோப்புல வெச்சார். நிரலைத் தொடாமலே அதை மட்டும் மாத்தலாம். கம்பெனிக்குள்ளேயே சிலருக்கு இதுல தயக்கம் இருந்தது. 1994-லயே ஜஸ்டின் ஃபிஷர்னு ஒருத்தர் 'ஏலியன்ஸ்' சினிமாவோட படங்களையும் சத்தங்களையும் போட்டு டூமை முழுசா வேற விளையாட்டா மாத்திட்டார். பரபரப்பா ஓடிச்சு. அனுமதி? யாரைக் கேட்டு :-)

1997-ல் டூமோட நிரலை வெளியிட்டாங்க, 1999-ல் கட்டற்ற உரிமத்துக்கும் மாத்தினாங்க. ஆனா படமும் சத்தமும் பழையபடி காப்புரிமையிலயே இருந்தது. உடம்பு இலவசம், உடுப்புக்குக் காசு! அப்புறம் ஆர்வலர்கள் சேர்ந்து 'ஃப்ரீடூம்'னு ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க. ஒவ்வொரு அரக்கனையும், ஒவ்வொரு உறுமலையும் புதுசா செஞ்சு யார் வேணா எடுத்துக்கலாம்னு விட்டாங்க. பழைய டூம் படத்தைத் தடவித் திருத்தினதெல்லாம் அங்கே செல்லாது. வருஷக்கணக்கா ஓடின வேலை. யாரும் கைதட்டாத இந்த வேலைதான் இந்த வரலாற்றுலயே எனக்கு ரொம்பப் பிடிச்சது.

வழுக்கின இடங்கள்

ஜப்பானோட 'ஆர்பிஜி மேக்கர்' நிரல் எழுதத் தெரியாதவங்களையும் கேம் பண்ண வெச்சது. கூடவே ஒரு பை நிறைய படமும் இசையும் கொடுத்தது. அது போதாதுன்னு மக்கள் 'ஃபைனல் ஃபேன்டஸி', 'க்ரோனோ ட்ரிக்கர்' படங்களை உருவி ஒட்டினாங்க. அனேகமா யாரும் கண்டுக்கலை, கேம் பிரபலமாகாத வரைக்கும்!

பிரபலமானா? மில்டன் குவாஸ்திங்கற அர்ஜென்டினாக்காரர் பல வருஷம் உழைச்சு, நின்டெண்டோவோட பழைய 'மெட்ராய்டு 2'-ஐப் புதுசா செஞ்சு, 2016 ஆகஸ்ட்ல இலவசமா விட்டார். சில நாள்ல நின்டெண்டோவோட நோட்டீஸ். கீழே இறங்கிடுச்சு. அந்தத் திறமையைப் பார்த்து அப்புறம் ஒரு கேம் கம்பெனி அவரை வேலைக்கு எடுத்துக்கிச்சுங்கறது ஆறுதல்.

இன்னொரு பக்கமும் சொல்லணும். டோபி ஃபாக்ஸ்னு ஒரு பையன் 2008-ல் 'எர்த்பவுண்ட்' கேமை நோண்டி ஹாலோவீன் பதிப்பு ஒண்ணு பண்ணினார். கேம் அடுத்தவருது, அதுக்குள்ள போட்ட ஒரு மெட்டு மட்டும் அவரோடது. அதே மெட்டு 2015-ல் அவரோட சொந்த கேமான 'அண்டர்டேல்'ல வந்து உலகப் புகழ் ஆச்சு. 2022 ஜனவரியில ஒரு சர்க்கஸ் குழு போப்பாண்டவர் முன்னால அதே மெட்டுக்கு வித்தை காட்டிச்சு! இரவல் வீட்டுல நட்ட செடியா இருந்தாலும், விதை தன்னோடதா இருந்ததால அவரால பிடுங்கிட்டு வர முடிஞ்சது.

வர்ணமெட்டு

"கிரெடிட்ல பேர் போட்டுட்டோமே, போதாதா?"ன்னு கோயம்புத்தூர்ல இருக்கற நண்பன் கேட்டான். நாங்க ரெண்டு பேரும் வார இறுதியில சேர்ந்து பண்ற கேமுக்கு ஒரு பிரபல விளையாட்டோட வாள் சத்தத்தை எடுத்துக்கலாம்னு அவன் கட்சி. "எவன் வந்து கேக்கப் போறான்?" என்பது அவனோட பிரம்மாஸ்திரம். ரெண்டு வருஷ உழைப்பு ஒரு நோட்டீஸ்ல காணாம போகும்டாங்கறது என் பயம். ஒரு வாரம் சரியாப் பேசிக்கலை.

பேர் போடறது நல்ல மரபுதான், அதுவும் நம்ம மரபு. பழைய பாட்டுப் புத்தகங்கள்ல பாட்டுக்கு மேல 'வர்ணமெட்டு'ன்னு போட்டு எந்தப் பாட்டோட மெட்டுன்னு சொல்லியிருக்கும். பாரதியார் பாடல்கள்லயும் இந்தக் குறிப்பு உண்டு. ஆனா பேர் சொல்றது நன்றி, அனுமதி வேற. 2002-ல் வந்த கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் ரெண்டையும் முடிச்சுப் போட்டுச்சு. 'என் பேரைச் சொல், எடுத்துக்கோ'ன்னு படைச்சவரே முன்கூட்டி எழுதிக் கொடுத்துடறார். அதுலயும் வகை இருக்கு: சிலது விக்கற கேம்ல கூடாது, சிலதை மாத்தினா அதே உரிமத்துலதான் திருப்பி விடணும். இப்படி 2005-ல் பார்சிலோனா பல்கலைக்கழகம் ஒண்ணு 'ஃப்ரீசவுண்ட்' ஒலிக் கிடங்கை ஆரம்பிச்சது. 2009-ல் படங்களுக்கு 'ஓப்பன்கேம்ஆர்ட்' வந்தது.

வாங்கி ஒட்டினா கலை இல்லையான்னு கேக்கறவங்களுக்கு ஒரு இத்தாலிக்காரர் பதில் சொல்லிட்டார். லூக்கா கலாந்தே, கடைச் சரக்கா கிடைச்ச படத் தொகுப்பைக் காசு கொடுத்து வாங்கி, 'வாம்பயர் சர்வைவர்ஸ்' பண்ணினார். 2023-ல் பாஃப்டாவோட சிறந்த கேம் விருது. பார்த்தா கொனாமியோட 'காசில்வேனியா' சாயல் அடிக்கும். 2024-ல் கொனாமி அனுமதியோடவே காசில்வேனியா பாத்திரங்கள் அதுக்குள்ள வந்தாங்க.

எங்க வாள் சத்தம் என்னாச்சுன்னு கேக்கறீங்களா? எவர்சில்வர் தட்டுல தோசைக் கரண்டியால தட்டி, பலகையில மிதிச்சு, ரெண்டையும் கலந்து கிடைச்சது. நண்பனே "பரவால்லடா"ன்னுட்டான். அவன் வாயில இருந்து அது பெரிய வார்த்தை.

நீங்களும் கேம் பண்றீங்கன்னா ஒண்ணே ஒண்ணு: முதல் நாளே ஒரு கோப்பு திறந்து, எந்தப் படம், எந்தச் சத்தம், யாரோடது, என்ன உரிமம்னு எழுதி வைங்க. எங்க கோப்புக்குப் பேர் 'வர்ணமெட்டு' :-)

டிஸ்கி: தோசைக் கரண்டி அடுத்த அறைத் தோழரோடது. கேட்டுட்டுத்தான் எடுத்தேன்!