திருமண்டலம்

திருநெல்வேலிக் கிறிஸ்தவ வீடுகளின் கல்யாணப் பத்திரிகையில் ‘சேகரம்’, ‘திருமண்டலம்’ என்ற இரண்டு சொற்களை அடிக்கடி பார்க்கலாம். பேச்சில் ‘டயோசீஸ்’ என்போம். எழுத்தில் திருமண்டலம்தான்.

டயோசீஸ் என்பதன் கிரேக்க மூலத்துக்கு வீட்டை நிர்வகித்தல் என்று பொருள். பிறகு ரோமப் பேரரசு தன் நிர்வாகப் பிரிவுக்கு அந்தப் பெயரை வைத்தது. அரசிடமிருந்து திருச்சபை அதை எடுத்துக்கொண்டது. தமிழிலும் அதே கதை நடந்திருப்பது எனக்குத் தீராத வியப்பு. மண்டலம், சோழர் ஆட்சியில் வளநாட்டுக்கும் நாட்டுக்கும் மேலே நின்ற பெரும்பிரிவு. அதற்கு முன்னால் ‘திரு’ சேர்ந்ததும் அத்தியட்சரின் ஆளுகைப் பரப்பாகிவிட்டது.

அத்தியட்சர் என்றால் மேற்பார்ப்பவர். பிஷப் என்பதற்கு மூலமான கிரேக்கச் சொல்லின் பொருளும் அதுவே. இன்று ‘பேராயர்’ பரவிவிட்டது. மந்தை மேய்க்கும் ஆயரை நினைவூட்டும் அழகான சொல். சென்னையில் திருமண்டலத்தையே பேராயம் என்கிறார்கள்.

சென்னைப் பேராயம் 1835-இல் உருவானது. அதிலிருந்து 1896-இல் திருநெல்வேலி பிரிந்தது. சாமுவேல் மார்லி முதல் அத்தியட்சர். 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது திருநெல்வேலியும் அதில் இணைந்தது. 2003-இல் தூத்துக்குடி – நாசரேத் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனித் திருமண்டலமானது.

திருமண்டலத்துக்குள் சேகரங்கள், சேகரத்துக்குள் சபைகள். நெல்மணிகளைச் சேகரம் செய்கிறோமே, அதே சொல்தான். பல ஊர்ச் சபைகளை ஒரு குருவானவரின் கீழ்ச் சேர்த்துவைப்பது சேகரம்.